பெர்சிக்கு வயது 14

1

என் அண்ணன் புத்தகத்தைப் பார்க்காமலேயே பாடம் வாசிப்பான்.

பெரியப்பா மகன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். இரண்டு வகுப்புகளில் ஒவ்வொரு வருடம் தங்கி, ஒன்பதாம் வகுப்பில் என் பெஞ்சுக்கே வந்து சேர்ந்திருந்தான். இரவு சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்காரும்போது, "டேய், நாளைக்கு நடத்தப்போற பாடத்தைச் சத்தமாப் படிடா, கேட்டுக்கிட்டே படுத்திருக்கேன்" என்பான். நான் படிப்பேன். சில நாள் "இன்னொருக்கா" என்பான். மறுநாள் வகுப்பில் அவன் முறை வரும். எழுந்து, புத்தகத்தை விரித்து, வரிக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டே கணீரென்று வாசிப்பான். விரல் ஒரு வரியிலும் வாய் வேறொரு வரியிலும் இருந்ததை நாங்கள் யாரும் கவனித்ததில்லை.

ஒருநாள் தமிழ் ஐயா விடுப்பு. வேறு வகுப்புக்கு எடுக்கும் சார் ஒருவர் வந்தார். "மூணாவது பத்தியில இருந்து படி" என்றார். அண்ணன் முதல் பத்தியை ஆரம்பித்தான். "மூணாவதுடா." மறுபடியும் முதல் பத்தி. சார் அருகில் வந்து பத்தியின் மேல் பிரம்பை வைத்தார். அண்ணன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு, "கண்ணு சரியாத் தெரியல சார்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு அவன் வரவில்லை. ஒரு லேத்துப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வீட்டில் எல்லோரும் "படிப்பு ஏறல" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள். அவனுக்குப் படிப்பு ஏறியது, வாசிப்புதான் வரவில்லை என்பது எனக்குப் புரிய ஏறக்குறைய இருபது வருடம் ஆனது. அதுவும் ஒரு பழைய மருத்துவக் கட்டுரையைத் தற்செயலாகப் படித்தபோது.

2

நான் மென்பொருள் எழுதுகிறவன். சில வருடங்கள் தமிழ் எழுத்தை ஒலியாக மாற்றும் மென்பொருள் ஒன்றில் வேலை பார்த்தேன். திரையில் இருப்பதை இயந்திரம் வாய்விட்டுப் படிக்கும், அதுதான் வேலை. இயந்திரத்துக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் மனிதர்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டுமே என்று இரவுகளில் தேடிப் படித்தேன். அப்படிச் சிக்கியதுதான் 1896 நவம்பர் 7 தேதியிட்ட பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு சிறு கட்டுரை. எழுதியவர் பிரிங்கிள் மார்கன். இங்கிலாந்தின் சசெக்ஸ் கடற்கரையில் சீஃபர்ட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்தவர்.

கட்டுரையின் நாயகன் பெர்சி. வயது 14. கெட்டிக்காரன், விளையாட்டில் சூரன், தன் வயதுப் பையன்கள் யாருக்கும் குறைந்தவன் இல்லை. ஏழு வயதிலிருந்து பள்ளியிலும் தனி ஆசிரியர்களிடமும் படித்துவருகிறான். ஆனாலும் ஓரசைச் சொற்களையே தட்டுத்தடுமாறித்தான் வாசிக்கிறான். தன் பெயரை எழுதச் சொன்னால் எழுத்து இடம் மாறி 'பிரெசி' என்று எழுதுகிறான். ஒருமுறைக்கு மேல் சுட்டிக்காட்டிய பிறகே அதில் தவறு இருப்பது அவனுக்குத் தெரிகிறது. எண்களில் மட்டும் எந்தச் சிக்கலும் இல்லை. அ கூட்டல் ஆ, அ கழித்தல் ஆ இரண்டையும் பெருக்கினால் என்ன வரும் என்ற இயற்கணிதக் கணக்கை உடனே போட்டுவிடுகிறான்.

கட்டுரையில் என்னை நிறுத்தியது மருத்துவர் கண்டுபிடித்த எதுவும் இல்லை. சில வருடங்களாகப் பெர்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் சொன்னதாக மார்கன் ஒரு தகவல் தருகிறார்: பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்திருந்தால் இந்தப் பள்ளியிலேயே இவன்தான் முதல் மாணவன்.

இதைப் படித்ததும் திண்ணை ஞாபகம் வந்தது. எங்கள் பள்ளியில் அண்ணனைப் பற்றி இப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். தினமும் ராத்திரி வாய்மொழியாகப் பாடம் நடத்தியவன் நான்தானே.

பெர்சியின் நிலைக்கு மார்கன் கொடுத்த பெயர் 'பிறவிச் சொற்குருடு'. இன்று டிஸ்லெக்ஸியா என்று சொல்லப்படும் குறைபாடு ஒரு குழந்தையிடம் பிறவியிலேயே இருப்பதாக மருத்துவ இதழில் பதிவானது இந்தக் கட்டுரையில்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். மருத்துவ வரலாற்றில் மார்கனின் பெயர் நின்றுவிட்டது. அந்த வாத்தியாரின் பெயர் கட்டுரையில்கூட இல்லை. ஆனால் பையனின் அறிவையும் அவனுடைய வாசிப்பையும் முதலில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தவர் அவர்தான்.

3

'சொற்குருடு' என்ற சொல்லுக்கு ஒரு முன்கதை உண்டு. 1877இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால், மூளையில் அடிபட்டோ நோயாலோ வாசிக்கும் திறனை இழந்த பெரியவர்களைப் பற்றி எழுதும்போது அதைப் பயன்படுத்தினார். 1887இல் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் அதே கூட்டத்தாருக்கு 'டிஸ்லெக்ஸியா' என்ற சொல்லை உருவாக்கினார். கிளாஸ்கோவைச் சேர்ந்த கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷல்வுட் 1895இல் லான்செட் இதழில் எழுதியதைப் பார்த்துத்தான் மார்கனுக்குப் பெர்சியைப் பற்றி எழுதத் தோன்றியது. முதலில் இந்த விஷயத்தைக் கையில் எடுத்தவர்களில் கண் மருத்துவர்கள் இருந்தது தற்செயல் இல்லை. பையன் வாசிக்கவில்லை என்றால் பெற்றோர் எங்கே கூட்டிப்போவார்கள்? கண் டாக்டரிடம்தான். அண்ணனும் கண்ணைத்தானே காட்டிக்கொடுத்தான்.

அடுத்த முக்கியமான பையனுக்கு வயது 16. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மனநல மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் 1925இல் கிரீன் கவுண்டி என்ற கிராமப்புற மாவட்டத்துக்குத் தன் குழுவோடு போய் ஒரு நடமாடும் மருத்துவ முகாம் நடத்தினார். பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளை அனுப்பிவையுங்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டார். அப்படி வந்தவர்களில் ஒருவனை அவர் எம்.பி. என்ற முதலெழுத்துகளால் குறிப்பிடுகிறார். நுண்ணறிவுத் தேர்வில் அவன் எடுத்தது 71. அந்த எண்ணை நம்பியிருந்தால் 'மந்தபுத்தி' என்று எழுதி அனுப்பிவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டிருக்கலாம். பேச்சுக்கொடுத்துப் பார்த்த ஆர்ட்டன் அதை நம்பவில்லை. தேர்வுதான் இவனை அளக்கத் தவறுகிறது என்று எழுதினார்.

ஆங்கிலத்தின் சிறிய பி-யும் சிறிய டி-யும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும். எம்.பி. போன்ற பிள்ளைகள் அவற்றை மாற்றி வாசித்தார்கள். சில சொற்களைப் பின்னாலிருந்து முன்னால் வாசித்தார்கள். மூளையின் இரு பாதிகளும் ஒரே எழுத்தின் இரு பிம்பங்களை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகின்றன என்று ஆர்ட்டன் ஒரு கோட்பாடு சொன்னார். அந்தக் கோட்பாடு நிற்கவில்லை. 1970களில் உளவியலாளர் ஃபிராங்க் வெல்லுட்டினோ ஒரு எளிய சோதனை செய்தார். நன்றாக வாசிக்கும் பிள்ளைகள், வாசிக்கத் திணறும் பிள்ளைகள் என இரு குழுக்கள். ஹீப்ரு இரு குழுவுக்கும் தெரியாது. ஹீப்ரு எழுத்துகளைக் காட்டி, ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னார். திணறும் பிள்ளைகளும் மற்றவர்கள் அளவுக்கே எழுதினார்கள். கண் வடிவத்தைச் சரியாகத்தான் பிடிக்கிறது. வடிவத்தை ஒலியோடு முடிச்சுப் போடும் இடத்தில்தான் இடறுகிறது.

கோட்பாடு போனாலும் ஆர்ட்டனின் வேலையிலிருந்து ஒன்று பிழைத்தது. நியூயார்க்கின் எத்திகல் கல்ச்சர் பள்ளியில் உளவியலாளராக இருந்த அன்னா கில்லிங்ஹாமும் அதே பள்ளியின் ஆசிரியை பெஸ்ஸி ஸ்டில்மனும் அவரோடு சேர்ந்து, 1930களில் ஒரு கற்பிக்கும் முறையை உருவாக்கினார்கள். எழுத்தைப் பார், ஒலியைச் சொல், சொல்லிக்கொண்டே கையால் எழுது. மூன்றும் ஒரே நேரத்தில். ஒன்று உறுதியாகப் பிடிபட்ட பிறகே அடுத்தது. மணலில் விரலால் எழுதிக்கொண்டே சத்தமாகச் சொல்லிப் பழகிய நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துத் தாத்தாக்கள் இதைக் கேட்டால் 'இதிலென்ன புதுசு' என்றிருப்பார்கள். புதுசு ஒன்று உண்டு. திண்ணையில் அது எல்லோருக்குமான முறை, தவறினால் பிரம்பு. இங்கே தவறு என்பது ஒரு தகவல். பையன் எந்த எழுத்தில், எந்த ஒலியில் நிற்கிறான் என்று ஆசிரியர் குறித்துக்கொண்டு, அந்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்.

எங்கள் தொழிலில் இதை டீபக்கிங் என்போம். 'புரோகிராம் வேலை செய்யல' என்று வருகிற புகாரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எத்தனையாவது வரியில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் கையே வைக்க முடியும்.

4

ஆனால் வாசிக்கத் திணறும் பதினான்கு வயதுக்காரர்கள் எல்லோரும் பெர்சி இல்லை. 'தாரே ஜமீன் பர்' 2007இல் வந்த பிறகு, வாசிக்காத பிள்ளை என்றாலே எல்லோரும் டிஸ்லெக்ஸியா என்று சொல்லப் பழகிவிட்டோம். வேறு வகைகளும் உண்டு.

ஆன்மேரி பலின்சரும் ஆன் பிரௌனும் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஏழாம் வகுப்பு மாணவர்களைப் பற்றியது. இந்தப் பிள்ளைகள் கடகடவென்று வாசிப்பார்கள். எழுத்துக்கூட்டலில் குறையே சொல்ல முடியாது. வாசித்து முடித்ததும் "என்ன படிச்ச?" என்று கேட்டால் பதில் வராது. இவர்களுக்குப் பலின்சர் வைத்த பயிற்சி ஒரு விளையாட்டு போன்றது. ஆசிரியரும் சில மாணவர்களும் ஒரு பத்தியை வாசிப்பார்கள். ஒருவர் 'டீச்சர்' ஆவார். அந்தப் பத்தியிலிருந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும், சுருக்கமாகச் சொல்ல வேண்டும், புரியாத இடத்தைத் தெளிவுபடுத்த வேண்டும், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க வேண்டும். அடுத்த பத்திக்கு வேறொருவர் டீச்சர்.

அந்த ஆய்வில் சார்லஸ் என்று குறிப்பிடப்படும் ஒரு பையனின் உரையாடல்கள் வாசிப்பு ஆராய்ச்சியில் மிகவும் பிரபலம். முதல் நாள் பாம்புகளைப் பற்றிய பத்தி. அதில் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறார் ஆசிரியர். பாம்புப் பெயர்களை வரிசையாக அடுக்கிவிட்டுப் பாதியில் நின்றுபோகிறான். தான் சரியாகச் செய்யவில்லை என்று அவனே சொல்கிறான். 'ஏன்' என்று ஆரம்பித்துக் கேட்டுப் பாரேன் என்கிறார். பதில் இல்லை. ஆசிரியரே ஒரு முழுக் கேள்வியைச் சொல்லிக்காட்டுகிறார். அதைத் திருப்பிச் சொல்லக்கூட அவனுக்கு ஒரே முயற்சியில் வரவில்லை. ஆசிரியர் விடவில்லை, திட்டவும் இல்லை. பதினைந்தாவது நாள் தென் துருவத்தைப் பற்றிய பத்தி. விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக்காக அங்கே ஏன் வருகிறார்கள் என்று சார்லஸ் கேட்கிறான். அந்தப் பத்தியின் சாரமே அந்தக் கேள்விதான்.

மூன்று வாரம்கூட முழுதாக இல்லை. அந்தப் பதினைந்து நாள்களும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கேள்வியை அவனுக்கு இரவல் கொடுத்து, அவன் தேறத் தேறத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடம் கழித்து, 1986இல், ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சூத்திரம் எழுதினார்கள். வாசிப்பு என்பது எழுத்துக்கூட்டலையும் மொழிப் புரிதலையும் பெருக்கினால் வருவது. அதைப் பார்த்தபோது ஒரு இன்ஜினியராக எனக்குப் பெரிய நிம்மதி. அவர்கள் கூட்டல் குறி போடவில்லை. பெருக்கல் குறி போட்டார்கள். கூட்டலாக இருந்தால் ஒன்று குறைந்தாலும் மற்றது ஈடுகட்டும். பெருக்கலில் எந்தப் பக்கம் பூஜ்யம் வந்தாலும் விடை பூஜ்யம். பெர்சிக்குப் புரிதல் நிறைய, எழுத்துக்கூட்டல் ஏறக்குறைய பூஜ்யம். சார்லஸுக்கு நேர்மாறு. இருவரும் வகுப்பில் ஒரே மாதிரி விழிப்பார்கள், ஒரே மதிப்பெண் வாங்குவார்கள், ஒரே 'மெல்லக் கற்போர்' பட்டியலில் ஏறுவார்கள். ஒருவனுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொருவனுக்கு உதவாது.

நடுவில் ஒரு கூட்டமும் உண்டு. எழுத்துக்கூட்டத் தெரியும், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தூக்கிச் சுமப்பதுபோல வாசிப்பார்கள். வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது ஆரம்பம் மறந்திருக்கும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜே சாமுவேல்ஸ் 1979இல் இவர்களுக்கு ஒரு சாதாரண வழியை எழுதினார். ஒரு சிறிய பத்தியைத் தடையில்லாமல் வரும்வரை திரும்பத் திரும்ப வாசிக்க விடுங்கள். பிறகு அடுத்த பத்திக்குப் போங்கள். எழுத்துக்கூட்டல் அனிச்சையாக நடந்தால்தான் மனத்துக்கு அர்த்தத்தைக் கவனிக்க ஓய்வு கிடைக்கும்.

5

இதெல்லாம் தெரிந்தாலும் ஒரு தடை மிச்சமிருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் அது வெட்கப்படாது. பதினான்கு வயதுப் பிள்ளை எட்டு வருடங்களாக அதை மறைத்துப் பழகியிருக்கும். மனப்பாடம், வயிற்றுவலி, கண்ணு தெரியல, புத்தகம் கொண்டுவரல, அடிதடி. மறைப்பதற்கு அது செலவழிக்கும் புத்தியைப் பார்த்தால் யாரும் அதை மக்கு என்று சொல்லமாட்டார்கள். இப்படிப்பட்ட பையனின் கையில் ஒன்றாம் வகுப்பு வண்ணப்படப் புத்தகத்தைக் கொடுத்தால் என்ன செய்வான்? கிழித்துப் போடுவான். நானாக இருந்தாலும் கிழித்திருப்பேன்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியர் டேனியல் ஃபேடர் 1960களில் இந்த வெட்கத்தைத்தான் முதலில் கவனித்தார். அவர் போன இடம் மேக்ஸி என்ற சிறுவர் சீர்திருத்தப் பள்ளி. குற்ற வழக்குகளில் சிக்கிய பதின்வயதுப் பையன்கள். கெட்டி அட்டைப் பாடப்புத்தகங்கள் அவர்கள் தோற்ற எல்லா வருடங்களையும் ஞாபகப்படுத்தின. ஃபேடர் அவற்றின் இடத்தில் மலிவு விலைக் காகித அட்டைப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் செய்தித்தாள்களையும் கொண்டுவந்து குவித்தார். நூலகத்தில் புத்தகத்தின் முதுகுதான் தெரியும். இவர் கடைகளில் அடுக்குவதுபோல அட்டைப்படம் தெரிய ரேக்குகளில் வைத்தார். கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டு போகலாம். எது வேண்டுமோ அவனே எடுத்துக்கொள்ளலாம்.

ஆங்கில ஆசிரியர் மட்டும் இல்லாமல் எல்லாப் பாட ஆசிரியர்களும் வாசிக்கவும் எழுதவும் வைக்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு விதி. பையன்கள் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு எழுத வேண்டும். அதில் பிழை திருத்தக் கூடாது, எத்தனை பக்கம் எழுதினான் என்பதுதான் கணக்கு. எதையாவது பார்த்து எழுதினால்கூடச் சரி. 1966இல் இந்த அனுபவத்தை அவர் புத்தகமாக்கினார்.

புத்தகத்தைக் குவித்தால் பெர்சிக்கு எழுத்துக்கூட்டல் வந்துவிடாது. அதற்குக் கில்லிங்ஹாமும் ஸ்டில்மனும் வேண்டும். ஆனால் அந்தப் பயிற்சிக்கு அவன் வந்து உட்கார வேண்டுமானால், உட்காரும் இடத்தில் அவமானம் இருக்கக் கூடாது.

6

தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்தைவிடத் தமிழில் வாசிக்கக் கற்பது எளிது என்று நாம் பெருமைப்படுவது உண்டு. எழுத்துக்கு ஒலி பெரும்பாலும் உறுதி, அது உண்மை. ஆனால் இயந்திரத்துக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தபோது, திணறும் பிள்ளை எங்கெங்கே இடறும் என்று எனக்கு ஒரு பட்டியலே கிடைத்தது. கடல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே க, மூன்று ஒலி. 'கொ' என்ற எழுத்தைக் கண் இடமிருந்து வலமாகப் பார்க்கும்போது முதலில் வருவது ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால். வாய் சொல்ல வேண்டிய வரிசையோ முதலில் க், பிறகு ஒ. யூனிகோடில் முதலில் ககரத்தைச் சேமித்துவிட்டு, திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தள்ளுகிறோம். அதற்கென்று தனி நிரல் ஓடுகிறது. ஆறு வயதுக் குழந்தை அந்த நிரலைத் தன் தலைக்குள் தானே எழுதிக்கொள்ள வேண்டும். 'கௌ'வின் பின்பகுதி அச்சு அசலாக ள மாதிரியே இருப்பது, வீட்டில் 'வந்துட்டாங்க' என்று பேசிவிட்டுப் புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்' என்று வாசிப்பது, வேற்றுமையும் காலமும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல் அரை வரிக்கு நீள்வது எல்லாம் இதே பட்டியலில் உண்டு.

ஆண்டறிக்கையாக வரும் 'அசர்' ஆய்வு 2023இல் இந்தியக் கிராமப்புறங்களின் 14 முதல் 18 வயதினரை எடுத்துக்கொண்டது. அவர்களில் ஏறக்குறைய 25 சதவீதம் பேருக்கு, தங்கள் மாநில மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க முடியவில்லை. நால்வரில் ஒருவர். எங்கள் ஒன்பதாம் வகுப்பு பெஞ்சில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம்.

என் கல்லூரித் தோழி ஒருத்தி இன்ஜினியரிங் முடித்துவிட்டு பி.எட். படித்து, இப்போது ஒரு அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறாள். இந்தக் கட்டுரைக்காகப் பேசியபோது சொன்னாள்: "எங்களுக்குப் பாடம் நடத்தத்தான் கத்துக்கொடுத்தாங்க. எழுத்துக்கூட்டி வாசிக்க வைக்கிறது எப்படின்னு பி.எட்-ல ஒரு பீரியட் கூடக் கிடையாது. அது சின்ன கிளாஸ் டீச்சர் வேலைன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. சின்ன கிளாஸ்ல வராம போனவன் என்கிட்டதான வர்றான்?"

இது அவளுடைய பள்ளியின் பிரச்சினை மட்டும் இல்லை. வாசிக்கக் கற்பது கீழ்வகுப்பு வேலை, வாசித்துக் கற்பது மேல்வகுப்பு வேலை என்று உலகம் முழுக்கவே பள்ளிகள் ஒரு கோடு போட்டுவைத்திருக்கின்றன. கோட்டைத் தாண்டியும் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பொறுப்பானவர் யார் என்பதற்குக் கால அட்டவணையில் இடமில்லை. தமிழ்நாட்டில் 2025-26 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் 6 முதல் 9ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்காக 'திறன்' என்ற திட்டம் வந்தது. அடிப்படை வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கியவர்களைச் சோதித்துக் கண்டறிந்து தனியாகப் பயிற்சி கொடுக்கும் ஏற்பாடு. இந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஒரு அரசு ஒப்புக்கொள்வதே பெரிய விஷயம். மிச்சமெல்லாம் வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்குக் கிடைக்கும் நேரத்தைப் பொறுத்தது.

என் தோழி செய்வது இதுதான். மதிய உணவு இடைவேளையில் ஒரு நேரத்தில் மூன்று பேர், அதற்கு மேல் இல்லை. மற்ற பிள்ளைகளிடம் 'ஸ்கோர் எழுதுற டீம்' என்று சொல்லிவைத்திருக்கிறாள். முதல் இரண்டு வாரம் எதுவும் சொல்லிக்கொடுக்கமாட்டாள். எழுத்துகள், பிறகு சொற்கள், பிறகு ஒரு பத்தி என்று வாசிக்கவிட்டு, எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வாள். வாசிக்கக் கொடுப்பது பஸ் போர்டு, கிரிக்கெட் செய்தி, பைக் சர்வீஸ் பில், சினிமா விமர்சனம். ஒரே பத்தியை நான்கு முறை. ஃபேடர், சாமுவேல்ஸ் பெயரெல்லாம் நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். "பரவாயில்லையே, அவங்களும் இதைத்தான் செஞ்சாங்களா?" என்று சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு பையன் கொம்பு வந்தாலே நின்னுடுறான். வேற எதுவுமில்ல, கொம்புதான். ஒன்பதாவது வரைக்கும் யாரும் அதைப் பாக்கல" என்றாள்.

7

கட்டுரையை எழுத ஆரம்பித்ததும் அண்ணனுக்குப் போன் செய்தேன். இப்போது சொந்தமாக லேத்துப் பட்டறை வைத்திருக்கிறான். மைக்ரோமீட்டரில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவான். டிராயிங்கில் அளவுகளைப் படிப்பான், பக்கத்தில் எழுதியிருக்கும் குறிப்புகளை ஒரு பையன் படித்துச் சொல்வான். வாட்ஸப்பில் குரல் செய்தி மட்டும்தான் அனுப்புவான். அவனுக்கு டைப் பண்ணச் சோம்பேறித்தனம் என்று எங்கள் குடும்பக் குரூப்பில் கேலி செய்வோம்.

பெர்சியைப் பற்றிச் சொன்னேன். எண்ணெல்லாம் வரும், எழுத்துதான் வராது என்றதும் "அட" என்றான். "அந்த வாத்தியார் அப்புறம் என்ன செஞ்சார்?"

கட்டுரையில் அது இல்லை என்றேன். ஒன்று மட்டும் இருக்கிறது. சிறு வயதில் பெர்சிக்குத் தனி எழுத்துகளைச் சொல்லிக்கொடுப்பதே பெரும்பாடாக இருந்தது, அவனுக்கு வரவே வராது என்று வீட்டில் நினைத்தார்கள், விடாமல் பழக்கியதில்தான் எழுத்துகள் பிடிபட்டன என்று அவன் அப்பா மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார்.

"அப்போ எழுத்து வரைக்கும் யாரோ கூட ஒக்காந்திருக்காங்க" என்றான் அண்ணன்.

அன்றைக்கு வகுப்பில் நானும் சிரித்தேன் என்று அவனிடம் சொன்னேன். இருபது வருடங்களாகச் சொல்லாதது. பட்டறையில் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"தெரியும்டா, பாத்தேன். விடு. தினமும் ராத்திரி நீதான எனக்குப் படிச்சுக் காட்டுன."

எழுதி முடித்ததும் அனுப்புகிறேன் என்றேன். எங்கள் மென்பொருள் இப்போது தமிழைத் தடுமாறாமல் வாசிக்கும், லிங்க்கைத் தொட்டால் போதும், அதுவே படித்துக்காட்டும் என்றேன்.

"மெஷின் வேணாம். நீயே படிச்சு ஆடியோவா அனுப்பு" என்றான். "அவசரமில்ல. ராத்திரி கேட்டுக்கிறேன்."